குறைந்த சுரங்களில் நகரும் திரையிசைக்கு விமர்சனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அரைவல்' (Arrival) என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் நண்பர் வட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். தொடக்கக் காட்சியின் வயலின்கள்தான் படத்தின் இசையமைப்பாளர் ஜோஹான் ஜோஹான்சனின் உச்சம் என்று புகழ்ந்து தள்ளியிருந்தேன். மறுநாள் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, அது மாக்ஸ் ரிக்டர்னு வேறொரு இசையமைப்பாளர் போட்டது. 2004லேயே வந்தாச்சு."

உண்மைதான். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிப்பது ரிக்டரின் பழைய இசை. அதனாலேயே 2016இல் ஆஸ்கர் அகாடமி ஜோஹான்சனின் இசையைப் போட்டியிலிருந்து விலக்கியது. ஏற்கெனவே இருந்த இசையின் தாக்கம் வாக்களிப்பவர்களிடம் இருக்கும் என்பது அதன் வாதம். அதற்கு என் குறிப்பே சாட்சி! படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாதீர்கள். யாருடைய இசை எது என்பது அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், விமர்சனங்களில் வரும் "இசையில் ஒன்றுமே நடக்கவில்லை" என்ற வரி. தம்பூரா மீட்டுபவரிடம் போய் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த வகை இசையில் மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். எந்த நொடியில் நுழைகிறது, எங்கே நிற்கிறது, நின்ற பிறகு அறையின் அமைதி எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

சுரங்கள் குறைவு என்றால் மென்மை என்று நினைப்பதும் தவறு. 'ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்ற போர்ப் படத்துக்கு 2023இல் இசைக்கான ஆஸ்கர் வாங்கிய ஃபோல்கர் பெர்டெல்மான், தன் கொள்ளுப்பாட்டியின் ஆர்மோனியத்திலிருந்து மூன்றே சுரங்களை எடுத்தார். நம் பஜனை ஆர்மோனியத்துக்கு அது ஐரோப்பிய உறவுதான். ஆனால் அந்த மூன்று சுரங்கள் போர்முனையில் இடி மாதிரி விழுகின்றன. இதற்குப் போய் "மனதை வருடும் இசை" என்று எழுதினால் என்ன சொல்வது?

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. மெதுவாகப் போகிறது, அதனால் ஆழமானது என்று கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவது. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்த இசையை வேறொரு காட்சியில் ஓட்டிப் பார்ப்பேன். அங்கேயும் அப்படியே பொருந்தினால், அது வெறும் நிரப்பல். தயங்காமல் எழுதிவிடலாம்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கனமான தாழ்சுர ஒலி அதில் வரவே வராது. எனக்கு இது உறைத்தது ஒரு லோட் ஷெடிங் (மின்வெட்டு) இரவில்தான். ஃப்ரிட்ஜ் அடங்கிய பிறகு, பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டினேன். பல தடவை பார்த்த காட்சிதான், ஆனால் அடியில் ஒரு செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி) ஓடிக்கொண்டிருந்தது அன்றுதான் காதில் விழுந்தது.