திண்ணை வீட்டுக்கு மானியம் கேட்டு எழுதும்போது

புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். வரிசையாகத் திண்ணை, மரத்தூண், ஓடு வேய்ந்த தாழ்வாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அந்த வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்தத் தைரியத்தில்தான் தாத்தா வீட்டுக்காக நானும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதினேன். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, இரண்டாவது தேறியது.

முதல் தடவை எங்கள் கஷ்டத்தை மட்டும் எழுதியிருந்தேன். அவர்கள் பார்ப்பது தெருவை. அடுத்த தடவை, எங்கள் தாழ்வாரமும் பக்கத்து வீட்டுத் தாழ்வாரமும் ஒரே மட்டத்தில் போவதையும், இது விழுந்தால் வரிசையே உடைவதையும் எழுதி, எதிர்ச்சாரியிலிருந்து எடுத்த படத்தையும் வைத்தேன்.

செலவு மதிப்பீட்டில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘மராமத்து’ என்று ஒரே தொகையாகப் போடாதீர்கள். ஓடு, மரச்சட்டம், தூண், பூச்சு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். சிமென்ட் பூச்சுக்கான மதிப்பீடு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். எங்கள் முன்சுவர் அப்படித்தான் கெட்டது. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லும் கூலியையே எழுதுங்கள். தொகை கூடும், கூடட்டும். ஏன் கூடுகிறது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம், மேல்தளம் ஒழுகினால் அதை மறைக்காதீர்கள். ஒழுகலை நிறுத்தாமல் முகப்பைப் பூசினால் பணம் வீண்தான்.

கூடவே வைக்க வேண்டியவை: பத்திரம், வரி ரசீது, கூட்டுச் சொத்து என்றால் பங்காளிகள் எல்லாருடைய சம்மதக் கடிதம். பிரான்சில் இருக்கும் சித்தப்பாவின் கையெழுத்து வந்துசேரவே எனக்கு மூன்று மாதம் ஆனது. அதனால் இதை முதலில் தொடங்குங்கள்.

முழுச் செலவும் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். எங்களுக்குப் பாதிதான் கொடுத்தார்கள். அதுவும் வேலை முடிய முடிய, ரசீதைப் பார்த்துத் தவணையாக. முதல் தவணை வேலைக்கான பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வரும்வரை கூரையிலிருந்து ஓர் ஓடுகூட இறக்காதீர்கள். வந்தபின் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

முடிந்தால் தை மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு ஏறிவிட வேண்டும்.