காற்றில் லேசர் லிங்க் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மொட்டைமாடியில் இரண்டு பொறியியல் மாணவர்கள், எதிர்க் கட்டடத்துக்கு லேசர் லிங்க், அதாவது கம்பி இல்லாமல் ஒளிக்கதிரிலேயே டேட்டா அனுப்பும் இணைப்பு, போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை ஏழரை மணி, வெயில் இன்னும் ஏறவில்லை. சிக்னல் உச்சத்துக்கு வந்ததும் நட்டுகளை இறுக்கிவிட்டு, கருவிகளை மூட்டைகட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் இறுக்கிவிட்டு இறங்கினேன். அவர்களை உட்காரவைத்துச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நடுவில் மரம் இருக்கக் கூடாது, லென்ஸைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பம் அசையாது என்று நம்புவது

கோவையில் ஒரு கல்லூரி. இரண்டு வளாகங்களுக்கும் நடுவே ரயில் பாதை, இடைவெளி 600 மீட்டர். பாதைக்கு அடியில் ஃபைபர் கொண்டுபோக அனுமதி கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். லேசருக்கோ அலைக்கற்றை உரிமம்கூட வேண்டாம். மாடியில் ஏற்கெனவே நின்ற 3 மீட்டர் இரும்பு பைப்பின் உச்சியில், மேற்கே பார்த்துக் கருவியை மாட்டினோம். காலையில் அருமையாக ஓடியது. பன்னிரண்டு மணிக்கு மேல் சிக்னல் இறங்கத் தொடங்கும். மூன்று மணிவாக்கில் லிங்க் அறுந்துவிடும். இருட்டிய பிறகு யாரும் தொடாமலே திரும்ப வரும்.

ஸ்விட்சை மாற்றினோம். பவர் சப்ளையை மாற்றினோம். கருவி சூடாகிறதோ என்று அதற்குத் தகரக் குடை போட்டோம். கடைசியில் கருவியே பழுது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்க வைத்தேன். ஆறு வாரம் போனது, கல்லூரியின் பணமும் போனது. புதுக் கருவியும் மூன்று மணிக்கு அறுந்தது.

அன்றைக்குத்தான், இரண்டு பக்கமும் லேசரை அணைத்துவிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். காலையில் எதிர்முனைக் கருவியின் மேல் இருந்த குறுக்குக்கோடு, அதற்கு மேலே வெறும் வானத்தில் நின்றது.

விஷயம் இதுதான். மேற்கு வெயில் பட்ட பக்கம் பைப் நீள்கிறது, நிழல் பக்கம் அவ்வளவு நீள்வதில்லை. அதனால் பைப் பின்பக்கமாக வளைகிறது, கருவி நிமிர்கிறது. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். 60 மில்லிமீட்டர் பைப்பில் இரண்டு பக்கத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் உயரத்தில் உச்சி 3 மில்லிரேடியன் சாய்ந்துவிடும். ஒரு மில்லிரேடியன் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். ஆக, 600 மீட்டரில் கதிர் 1.8 மீட்டர் மேலே போகிறது. எங்கள் கதிரின் மொத்த விரிவே 2 மில்லிரேடியன்தான். எதிர்முனையில் அது 1.2 மீட்டர் அகல வட்டம். 60 சென்டிமீட்டர் விலகினாலே லென்ஸ் வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

பைப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றை ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த ஆறு வாரமும் மிஞ்சியிருக்கும்.

அதனால் உயரக் கம்பமே வேண்டாம். கட்டடத்தின் கான்கிரீட் தூண் அல்லது பீமில், குட்டையான தடித்த தாங்கியை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். கைப்பிடிச் சுவர் வேண்டாம், ஒருவர் சாய்ந்து நின்றாலே அது அசைகிறது. தண்ணீர்த் தொட்டியின் சட்டமும் வேண்டாம். கதிரைக் கொஞ்சம் விரியவிடுங்கள். விரிவை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் இழப்பு, அதாவது சிக்னல் கால்வாசியாகிவிடும், உண்மைதான். ஆனால் குறி தப்பினால் எல்லாமே போச்சு. அப்புறம், 24 மணிநேரம் சிக்னல் அளவைப் பதிவுசெய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். காலை உச்சத்தில் இறுக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் குறி எங்கெல்லாம் நகர்கிறதோ, அதன் நடுவில் இறுக்க வேண்டும்.

காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில், கின்ஷாசா நகரங்களை 2021இல் 4.8 கிலோமீட்டர் லேசரால் இணைத்த, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் தொடங்கிய தாரா திட்டத்தின் கருவிகள், கண்ணாடிகளைத் தாமாகவே திருப்பிக் கதிரைப் பிடித்துவைத்திருக்கும். நம் கைக்கு எட்டும் விலையில் வரும் சின்னக் கருவிகளில் அந்த வசதி இல்லை. தாங்கிதான் எல்லாம்.

தெளிந்த வானத்தை வைத்துக் கணக்குப் போடுவது

நல்ல காற்றில் கிலோமீட்டருக்கு அரை டெசிபல் இழப்பே அதிகம். அடர்ந்த மூடுபனியில் அது 100 டெசிபலைத் தாண்டும். எல்லோரும் மழைக்குப் பயப்படுகிறார்கள், லேசருக்குப் பெரிய எதிரி பனிதான். பனித்துளி சில மைக்ரோமீட்டர்தான் இருக்கும். லேசரின் அலைநீளமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், 0.85 அல்லது 1.55 மைக்ரோமீட்டர். காற்றில் நிறைந்திருக்கும் அந்தத் துளிகள் கதிரை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். மழைத்துளி பெரிது, ஆனால் எண்ணிக்கை குறைவு.

ஊட்டியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சென்னைக்காரர்கள் போகி காலையை நினைத்துக்கொள்ளுங்கள். புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போன வருடங்கள் உண்டு. 1880இல் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் டெயின்டரும் வாஷிங்டனில் சூரிய ஒளியின் மேல் ஏற்றிக் குரலை 213 மீட்டர் அனுப்பிய காலத்திலிருந்தே, வானம் ஒத்துழைத்தால்தான் இந்த வேலை நடக்கும். தூரத்தைக் குறையுங்கள். கூடவே ஒரு ரேடியோ லிங்க் வையுங்கள். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கனமழையில் தடுமாறும், பனியில் தாக்குப்பிடிக்கும். லேசர் படுக்கும் நாளில் அது ஓடும்.

தகரக் கூரையை ஒட்டிக் கதிரை விடுவது

மத்தியானம் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவுக்குள் போகும் கதிர் விட்டுவிட்டு மின்னும், டேட்டா உடைந்து வரும். சூடான கூரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது மேலே கதிர் போகும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிழக்கு மேற்காக வைத்துவிட்டுச் சூரியனை மறப்பது

உதயத்திலோ அஸ்தமனத்திலோ சூரியன் எதிர்க் கருவிக்கு நேர் பின்னால் வரும் நாட்கள் உண்டு. லென்ஸ் அந்த வெயிலை, கதிரை வாங்கும் உணரியின் மேல் குவிக்கும். சில நிமிடம் லிங்க் போகும், உணரியே கருகவும் கூடும். அலைநீள வடிகட்டி போடுங்கள். முடிந்தால் ஒரு முனையைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சாய்கோணம் கொடுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அனுப்புவது

வெயில் தடுக்கும் பூச்சு லேசரையும் தடுக்கும். வெளியே மாட்டுங்கள்.

கதிர் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பது

கூடவே கூடாது. 850, 1550 நானோமீட்டர் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. தொலைநோக்கியில் பார்ப்பது அதைவிட மோசம், அது கதிரைத் திரட்டிக் கண்ணுக்குள் அனுப்பும். எதிர்முனையில் இருப்பவர் போனில் "அணைச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் நான் குனிவேன்.