வீட்டுக் கணினிக்கு எந்த ஃபயர்வால் போதும்?

காசு கொடுத்து ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) வாங்கும் முன், வீட்டில் ஏற்கனவே இருக்கும் இரண்டைப் பாருங்கள். ஒன்று ரவுட்டருக்குள், மற்றொன்று விண்டோஸுக்குள். ஒழுங்காக அமைத்தால் பெரும்பாலான வீடுகளுக்கு இவையே போதும்.

முதலில் விண்டோஸ். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, ஃபயர்வால் பக்கத்துக்குப் போங்கள். டொமைன் (அலுவலக நெட்வொர்க்), பிரைவேட் (நம்பகமான வீட்டு நெட்வொர்க்), பப்ளிக் (பொது இட நெட்வொர்க்) மூன்றும் 'ஆன்' என்று இருக்க வேண்டும். நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை இது தடுக்கும். உள்ளிருந்து போவதை இயல்பாக விட்டுவிடும். அதனால் கணினிக்குள் நுழைந்துவிட்ட வைரஸ் வெளியே பேசுவதை இது நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். அது ஆன்டிவைரஸின் வேலை.

தவறு அதிகம் நடப்பது பிரைவேட், பப்ளிக் தேர்வில்தான். சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட். ஹாஸ்டல், ஹோட்டல், காபி ஷாப் எல்லாவற்றுக்கும் பப்ளிக். வீட்டில் பிரிண்டர் தெரியவில்லை என்றதும் ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். பல நேரம் நெட்வொர்க் பப்ளிக்காக இருப்பதுதான் காரணம். அதை மாற்றினாலே பிரிண்டர் வந்துவிடும். புது கேம் முதல்முறை அனுமதி கேட்கும்போது பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போடுங்கள். அங்கே 'கேன்சல்' அழுத்தினால் தடை விதியே பதிவாகிவிடலாம். பிறகு அந்த கேமில் நண்பர்கள் சேர முடியாமல் திண்டாடினால், அனுமதிப் பட்டியலில் அதைத் தேடித் திருத்துங்கள்.

அடுத்து ரவுட்டர். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் அதன் செட்டிங்ஸ் பக்கம் வரும்; சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட்டை (வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி) அணையுங்கள். யுபிஎன்பி-யையும் அணையுங்கள், அது இருந்தால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட் (இணைப்பு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) திறந்துகொள்ளும். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் வசதி) பட்டியல் காலியாக இருப்பதே நல்லது. சிசிடிவி பொருத்த வந்தவர் திறந்துவிட்டுப் போன போர்ட் அங்கே கிடக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். 3389 (ரிமோட் டெஸ்க்டாப்), 445 (ஃபைல் ஷேரிங்) இரண்டையும் இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது இந்த 445 வழியாகத்தான்.

உங்கள் இணைப்பில் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை) இருந்தால் கூடுதல் கவனம். ஐபிவி4-இல் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஐபிவி6-இல் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி முகவரி கிடைப்பதால், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் ஆனாக இருந்தே ஆக வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஃபயர்வால் என்று போய்ப் பாருங்கள், அணைந்தே கிடக்கலாம். உபுண்டுவிலும் (லினக்ஸ் வகை) யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் உள்ளே இருக்கும், ஆனால் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

எப்போது தனியாக வாங்கலாம்? எந்த ஆப் வெளியே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அனுமதிக்கும் வசதி வேண்டும் என்றால். ஆனால் ஒரு கணினியில் ஒன்றுதான் ஓட வேண்டும். இரண்டு ஓடினால் ஒரு இணைப்பை எது தடுத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வாலை நீக்கியதும், விண்டோஸுடையது மறுபடி 'ஆன்' ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் போர்ட் ஸ்கேன் தளங்களில் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐபிவி4-இல் அவை தட்டுவது ரவுட்டரின் கதவை, கணினியின் கதவை அல்ல. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் இணைப்பென்றால், தட்டப்படுவது உங்கள் ரவுட்டர்கூட இல்லை, இணைய நிறுவனத்தின் கருவி.