புற்றுநோய்ச் சிகிச்சை: கைப்பணம் கரையாமல் காக்க

அட்வான்ஸ் கட்டும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடும் சென்னை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இல்லை, ஆதாரில் எழுத்து வேறு என்றால் அங்கேயே வேலை நின்றுவிடும். அதை முதலில் திருத்துங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நீங்களே கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் பணம் திரும்ப வராது. எனவே சேரும் நாளிலேயே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, சிகிச்சைச் செலவுக்குக் காப்பீட்டின் முன் அனுமதி வந்ததா என்று கேளுங்கள். எந்த மருந்து, எந்தப் பரிசோதனை அதில் அடங்காது என்பதையும் எழுதி வாங்குங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சலுகை பெரிய உதவி. சிகிச்சைக்காகப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றோடு கவுன்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஸ்கேன், மாத்திரைச் செலவு தொடரும். துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலி, ஆட்டோ, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் வாரந்தோறும் எழுதுங்கள். வட்டிக்கு வாங்கும் முன் அந்த நோட்டோடு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.