திமொராஸ்ஸோ: முதல் பாட்டிலை ருசித்துப் பழகுவது எப்படி?

இத்தாலியின் வடமேற்கே, பியமொந்தே மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது தொர்த்தோனா. அந்த ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளையும் வெள்ளை ஒயின் திராட்சைதான் திமொராஸ்ஸோ. அதிலிருந்து வரும் ஒயினுக்கும் அதே பெயர். வளர்ப்பதற்குப் பாடுபடுத்தும் கொடி இது. ஒரே குலையில் பழுத்ததும் பிஞ்சுமாக நிற்கும், விளைச்சலை நம்ப முடியாது. அதனால் விவசாயிகள் நிறையக் காய்க்கும் கொர்த்தேசே திராட்சைக்கு மாறினார்கள். 1980களில் திமொராஸ்ஸோ ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. மொன்லேயாலே கிராமத்து வால்டர் மாஸா, மிச்சமிருந்த கொடிகளைக் காப்பாற்றி அதைத் தனி ஒயினாக நிலைநிறுத்தினார். இப்போது சிவப்பு ஒயினுக்குப் புகழ்பெற்ற பரோலோ பக்கத்துப் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களே இங்கே தோட்டம் போடுகிறார்கள்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

படி 1: லேபிள். சிலவற்றில் திமொராஸ்ஸோ என்ற பெயரே பெரிதாக இருக்காது, 'தெர்த்தோனா' என்று போட்டிருக்கும். அது தொர்த்தோனாவின் ரோமானியர் காலத்துப் பெயர். உள்ளே இருப்பது இதே திராட்சைதான். அறுவடை ஆண்டையும் பாருங்கள். வெள்ளை ஒயினைப் புதிதாகத்தான் குடிக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே உதவாது. நான்கைந்து வருடம் ஆனதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 2: குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 12 டிகிரி போதும். சில்லென்று ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும், வாசனை வெளியே வராது. வயிறு அகன்ற கிளாஸ் நல்லது.

படி 3: முகர்ந்து, பிறகு ஒரு வாய். கிளாஸில் கால்வாசி ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். இளம் ஒயினில் பேரிக்காய், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூ வாசனைகள் வரும். வயதானதில் தேன், காய்ந்த புல், அதற்கடியில் லேசாகப் பெட்ரோல் போன்ற ஒரு நெடி. முதல்முறை முகர்கிறவர்கள் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுவது இங்கேதான். பயம் வேண்டாம், முதிர்ந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினிலும் இதே நெடி உண்டு. அப்புறம் ஒரு வாய் எடுத்து, நாக்கின் இருபக்கமும் படும்படி சில விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். முதலில் எண்ணெய்ப் பதமான ஒரு கனம், உடனே அதை வெட்டிக்கொண்டு வரும் புளிப்பு, கடைசியில் உப்புக்கல்லைத் தொட்டது போன்ற ஒரு சுவை. இந்தக் கனமும் புளிப்பும் ஒன்றாக நிற்பதுதான் திமொராஸ்ஸோவின் அடையாளம். எனக்கு இதைப் பிடித்துப்போனதும் இதனால்தான்.

படி 4: காத்திருங்கள். கிளாஸை அப்படியே வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள். முதலில் தோன்றியதையும் இப்போது தோன்றுவதையும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

படி 5: கூடவே சாப்பிட. அந்தக் குன்றுகளின் சீஸ் மொந்தேபோரே. பசும்பாலும் செம்மறிப் பாலும் கலந்து, கல்யாண கேக் மாதிரி அடுக்கடுக்காகச் செய்வார்கள். அது கிடைக்காவிட்டால் முற்றிய செம்மறிப் பால் சீஸ் எதுவானாலும் பொருந்தும்.

பாட்டிலை ஒரே இரவில் முடிக்காதீர்கள். பாதியைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே கிளாஸில் ஊற்றி, நேற்று எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியுங்கள். தேன் வாசனை பெரும்பாலும் அன்றைக்குத்தான் நன்றாக எழும்பி வரும்.