விரல் ஸ்ட்ரெயினுக்குக் கோட் போடும்போது ஆறாவது எண்ணில் கவனம்

அமெரிக்க சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில் உள்ளதை ஐசிடி-10-சிஎம் என்ற அந்நாட்டு நோய்க் குறியீடுகளாக (கோட்) மாற்றும்போது, விரல் ஸ்ட்ரெயின் என்று பார்த்ததும் கை தானாக எஸ்66-க்குப் போகும். போகட்டும், ஆனால் டாக்டர் எழுதியிருப்பது ஸ்ட்ரெயினா ஸ்ப்ரெயினா என்று இன்னொரு தடவை படித்துவிடுங்கள். தசை, அதை எலும்போடு இணைக்கும் டெண்டான் அடிபட்டால் ஸ்ட்ரெயின், அது எஸ்66. மூட்டு, எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் லிகமென்ட் என்றால் ஸ்ப்ரெயின், அது எஸ்63. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எக்ஸ்க்ளூட்ஸ் 2 குறிப்புதான் (இதில் அது அடங்காது, ஆனால் கூடவே போடலாம் என்று அர்த்தம்), அதனால் இரண்டுமே சார்ட்டில் இருந்தால் இரண்டையும் போடலாம்.

அடுத்து புள்ளிக்குப் பின்னால் வரும் எண். ஐசிடி-10-சிஎம்மில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேராது, அதற்குத் தனி வரிசை. கட்டைவிரலுக்கு 0, 2, 4. மற்ற விரல்களுக்கு 1, 3, 5. இரண்டிலும் முதலில் மடக்கும் ஃப்ளெக்ஸர், அடுத்து நீட்டும் எக்ஸ்டென்சர், கடைசியாகக் கைக்குள்ளேயே இருக்கும் இன்ட்ரின்சிக் தசை. ஐந்தாவது இடத்தில் 1 வந்தால் ஸ்ட்ரெயின், 2 என்றால் வெட்டுக்காயம்.

சரி, ஆட்கள் மாட்டுவது ஆறாவது இடத்தில்தான். 1 என்றால் வலது, 2 என்றால் இடது என்று பழகிய கண்ணுக்கு எஸ்66.011 வலது கட்டைவிரல் என்பது உறுத்தாது. அதே பழக்கத்தில் எஸ்66.111 போட்டால் அது இடது ஆள்காட்டி விரல்! கட்டைவிரல் அல்லாத விரல்களுக்கு எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறது: 110 வலது ஆள்காட்டி, 111 இடது ஆள்காட்டி, 112 வலது நடுவிரல், இப்படியே 117 இடது சுண்டு விரல் வரை, அதாவது இரட்டைப்படை வலது, ஒற்றைப்படை இடது. இதை மனப்பாடம் செய்துகொண்டு முன்கை மட்டத்துக் காயமான எஸ்56-க்குப் போனால் அங்கே வரிசை 1-லிருந்து தொடங்கும், எஸ்56.111 வலது ஆள்காட்டி. யார் யோசித்தார்களோ தெரியவில்லை, மனப்பாடத்தை நம்பாமல் கோட்கள் வரிசையாக இருக்கும் டாபுலர் லிஸ்டைத் திறந்து பார்ப்பதே நல்லது.

எந்தத் தசை என்றே டாக்டர் எழுதவில்லையா? எஸ்66.91 இருக்கிறது, ஆனால் அதில் வலது கை, இடது கை என்பதோடு சரி, எந்த விரல் என்பது போய்விடும். முடிந்தால் டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். வலதா இடதா என்பது மட்டும் விடுபட்டிருந்தால் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஐசிடி-10-சிஎம் வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. குறிப்புகள் முரண்பட்டால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். அவுட்பேஷன்ட் சார்ட்டில் ‘ஸ்ட்ரெயினாக இருக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் ஸ்ட்ரெயின் கோட் வேண்டாம், வலியைப் போடுங்கள்: வலது விரல் எம்79.644, இடது விரல் எம்79.645.

ஏழாவது எழுத்தான ஏ-வை முதல் விசிட் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காயத்துக்கு நேரடி சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும்வரை ஏ-தான், எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு வேறு எலும்பு டாக்டரிடம் போய் சிகிச்சை தொடர்ந்தாலும் ஏ. ஆறிவரும் கட்டத்தில் வழக்கமான ஃபாலோ-அப், பிசியோதெரபி என்றால் டி. பின்விளைவுக்கு எஸ்.

கனமான பெட்டியைத் தூக்கியதில் வலது மோதிர விரலின் ஃப்ளெக்ஸர் டெண்டான் ஸ்ட்ரெயின், எமர்ஜென்சியில் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். எஸ்66.114ஏ முதலில், அப்புறம் காரணத்துக்கு எக்ஸ்50.0, அதன் பின்னால் இரண்டு எக்ஸ் நிரப்பி ஏ. காரணக் கோட் நாடு முழுக்கக் கட்டாயம் இல்லை, மாநிலமோ, பணம் கொடுக்கும் காப்பீட்டு நிறுவனம் போன்ற பேயரோ கேட்டால் கட்டாயம்.

மாதக்கணக்கில் ஒரே வேலையைச் செய்து விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறது, டாக்டரும் ட்ரிகர் ஃபிங்கர் என்று எழுதிவிட்டார் என்றால் காய அத்தியாயத்துக்கே போக வேண்டாம். அது எம்65.3, வலது மோதிர விரலுக்கு எம்65.341, இடதுக்கு எம்65.342. ஏழாவது எழுத்து கிடையாது.