வியாசர்பாடி முதல் தண்டையார்பேட்டை வரை: நடை, சைக்கிள் வழிக்குத் திட்டம் போடுவது எப்படி?

வடசென்னையில் பக்கத்துப் பேட்டைக்கு நடந்து போகவிடாமல் தடுப்பது தூரம் இல்லை. குறுக்கே கிடக்கும் ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும்தான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையை இணைக்கும் வழி கேட்டு மனு கொடுப்பவர்கள் வரைபடத்தில் தெருக்களைத் தேடி ஆரம்பிக்க வேண்டாம். ரயில்வே கேட், சுரங்கப்பாதை, பாலம் எங்கெங்கே என்று முதலில் குறியுங்கள். அங்கே கொண்டு விடும் தெருக்களைப் பிறகு கோர்த்துக்கொள்ளலாம்.

கேட்டில் சாலை தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிறதா என்று பாருங்கள். சாய்வாக இருந்தால் சைக்கிளின் முன் டயர் தண்டவாள இடுக்கில் மாட்டி ஆளைக் கவிழ்த்துவிடும். வளைந்து வந்து நேர்குறுக்காகக் கடக்க ஓரத்தில் கொஞ்சம் அகலம் கேளுங்கள். நடைமேம்பாலமாக இருந்தால், படியோரம் சைக்கிள் டயரை வைத்து உருட்டிப்போக ஒரு காடி, அதாவது பள்ளமான தடம், வேண்டும். அதைச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டால் வீண். ஹேண்டில்பார் சுமார் 60 செ.மீ. அகலம், காடியின் நடுப்பகுதி படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியிலிருந்து 35 செ.மீ.யாவது தள்ளி இருந்தால்தான் இடிக்காது. சுரங்கப்பாதையை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நின்ற கதையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையில் போய், தண்ணீர் மட்டத்தை டேப் வைத்துப் படம் எடுங்கள். தாழ்வான ஒவ்வொரு கடவைக்கும் மேட்டு வழி ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

நடைபாதையை அளக்கும்போது, டிரான்ஸ்பார்மரும் மின்வாரியப் பெட்டியும் நெருக்கும் இடத்தில் டேப்பைப் பிடியுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் நடைபாதை விதிப்படி 1.8 மீட்டர் தடையில்லாமல் வேண்டும். வடிகால் மூடியையே நடைபாதையாக்கிய தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். முதியவர்கள் அதை விட்டு ரோட்டில் நடப்பதற்கு அதுதான் காரணம்.

வண்டிகளைத் தடுக்க வழியின் முனையில் கம்பங்கள் நடுவதாக இருந்தால், இடையில் சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 செ.மீ. விட வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழையும். ஆட்டோ, வேனைத்தான் கம்பம் தடுக்கும். மீன்பாடி வண்டி (சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி) போகுமா என்பதை உங்கள் தெரு வண்டியை அளந்தே முடிவு செய்யுங்கள். அதை அடைத்தால் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வருபவர்களே முதலில் கம்பத்தைப் பிடுங்குவார்கள், அதில் நியாயமும் உண்டு. வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் படிந்து இருக்கட்டும்; அகலம் குறைத்து, கூராகப் போட்டால் சைக்கிள் கேரியரில் இருப்பது கீழே விழும். வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். தெரு, விளக்கு, மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம். கால்வாய்க் கரைக்கு நீர்வளத் துறை. தண்டவாளத்தை ஒட்டிய இடத்துக்கு ரயில்வே. சாக்கடை மேன்ஹோலுக்குக் குடிநீர் வாரியம். தனித்தனியாக, அளவும் படமும் இணைத்துக் கொடுங்கள். இருட்டிய பிறகு ஒருமுறை முழு வழியும் நடந்து, எரியாத விளக்குகளின் கம்ப எண்ணைக் குறித்து மாநகராட்சியின் புகார் எண் 1913-இல் சொல்லுங்கள். தெருப் பெயர் மட்டும் போதாது.